நடுத்துண்டு

தெனிங்குக்கு முப்பத்தாறு வயது. தியெஸ் நகரத்துச் சுகாதார நிலையம் ஒன்றில் இரத்தம் சோதிக்கிற வேலை. காலையிலிருந்து மாலை வரை நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு, யாருக்குக் காய்ச்சல் கிருமி இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பார்த்துச் சொல்கிறவள். எதையும் கண்ணால் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதே என்பது அந்தத் தொழில் அவளுக்குக் கொடுத்த புத்தி. அப்படிப்பட்டவள் தன் கல்யாண விஷயத்தில் மட்டும் பாதியைப் பார்க்காமலே தலையாட்டப் போனாள் என்றால் யார் நம்புவார்கள்?

பாதி என்று சும்மா சொல்லவில்லை. மாப்பிள்ளை லத்தீருக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு. தெனிங் இளையாளாகப் போக வேண்டும். எங்கள் ஊரில் இது யாரும் வாய் பிளக்கிற சமாசாரம் இல்லை. இந்தத் தெருவில் எண்ணினால் நாலு வீடு தேறும். இரண்டு நாள் மூத்தாள் முறை, இரண்டு நாள் இளையாள் முறை. அடுப்பு யார் கையில் இருக்கிறதோ, அன்றைக்குப் புருஷனும் அவள் வீட்டில்.

தெனிங்கின் அப்பா சாது. கல்யாணப் பேச்செல்லாம் அவருடைய அக்கா யாந்தே அத்தைதான். அத்தை சரி என்றால் சரி, அத்தை முறைத்தால் முடிந்தது கதை. அந்த அத்தை இந்த மாப்பிள்ளைக்கு ஒற்றைக்காலில் நின்றாள்.

"அடியே, முழு ஆம்பளைதான் வேணும்னு இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தே. முழுசு வந்துச்சா? இப்போ பாதி வந்திருக்கு. வாயை மூடிக்கிட்டு வாங்கிக்க. இன்னும் அஞ்சு வருஷம் போனா கால்வாசிகூட வராது!"

"நான் என்ன கறிக்கடையிலயா நிக்கிறேன் அத்தை, கால்வாசி அரைவாசின்னு?"

"பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்ல. வெள்ளிக்கிழமை அவங்க ஆளுங்க கோலாக்கொட்டை கொண்டு வர்றாங்க. உங்கப்பன் வாங்கி பள்ளிவாசல்ல பங்கு வச்சுட்டா நீ அவர் பொண்டாட்டி. அதுக்குள்ள சரியா, இல்லையான்னு ஒரே வார்த்தை சொல்லிடு."

உண்மையைச் சொன்னால், அத்தை இத்தனை கத்தியிருக்கவே வேண்டாம். தெனிங்குக்கு லத்தீரைப் பிடித்திருந்தது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சிமெண்டும் இரும்புக் கம்பியும் விற்கிறவர். கடைக் காவல்காரக் கிழவருக்குக் காய்ச்சல் என்று தானே தூக்கிக்கொண்டு வந்து, சுகாதார நிலையத்து மர பெஞ்சில் படுக்கவைத்து, நாள் பூரா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் பழக்கம். குரலை உயர்த்த மாட்டார். பொய் சொல்ல மாட்டார். முழுப் புருஷனை வைத்துக்கொண்டு அல்லாடுகிற சிநேகிதிகளைத் தெனிங் நிறையப் பார்த்தாகிவிட்டது. இரண்டு நாள் அவருக்குச் சமைப்போம், அடுத்த இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு படிப்போம், தூங்குவோம், ஒரு முட்டையைப் பொரித்துத் தின்றுவிட்டு நிம்மதியாகக் கிடப்போம். இந்தக் கணக்கு அவளுக்கு நன்றாகவே இருந்தது.

நெருடலாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த மற்ற இரண்டு நாள்காரி யார்? எப்படிச் சிரிப்பாள்? கோபம் வந்தால் தட்டைத் தூக்கி எறிகிற ரகமா, மூலையில் உட்கார்ந்து அழுகிற ரகமா? ஒரு மனுஷனைச் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொள்ளப் போகிறோம், பங்காளி முகம் தெரியாது. இது என்ன கூத்து என்று அவளுக்கே தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை லத்தீர் வீட்டுக்கு வந்தபோது கேட்டே விட்டாள்.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"யாருக்கு?"

"உங்க வீட்டுல இருக்கிறவங்களுக்கு."

"வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்ல எல்லாம் முடிஞ்சதும் என் தங்கச்சி போய்ச் சொல்லுவா. அதுதானே வழக்கம்?"

"முன்னாடியே நீங்களே சொன்னா என்னவாம்?"

லத்தீர் தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார். "முன்னாடி சொன்னா அழுவா. அப்புறம் சொன்னாலும் அழுவா. ரெண்டு தடவை எதுக்கு அழவைக்கணும்?"

அந்த மனுஷன் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, கரிசனமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து அவள் மடியில் வைத்தார். பசான் துணி, ஐந்து மீட்டர். ஆழ்ந்த நீலத்தில் வெளிர்பச்சை வளையம் வளையமாகச் சாயம் போட்டு, கட்டையால் அடித்து அடித்து மினுமினுப்பு ஏற்றியது. தொட்டால் காகிதம் போல மொடமொடத்தது.

"நான் அநியாயக்காரன் இல்ல, தெனிங். ஒருத்திக்கு ஒரு முழம்னா மத்தவளுக்கும் ஒரு முழம். எதுலயாவது குறைஞ்சா என் சட்டையைப் பிடிச்சுக் கேளு."

தெனிங்குக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இந்த வார்த்தையை அவள் கொஞ்சம் நிதானமாகக் காதில் வாங்கியிருக்கலாம். நுண்ணோக்கியில் அத்தனை கெட்டிக்காரி, இதில் கோட்டை விட்டாள்.

லத்தீரின் மனைவி ஊலி, ரயில் பட்டறை ரோட்டில் தையல் கடை வைத்திருக்கிறாள் என்று அத்தை போகிற போக்கில் சொல்லியிருந்தாள். தையல்காரியிடம் யார் வேண்டுமானாலும் போகலாமே! தைக்காத துணி தெனிங்கிடம் ஒன்றுதான் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை வந்த அந்தப் பசான். புதன்கிழமை மதியம் அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, பயந்துகொண்டே கடை வாசலில் போய் நின்றாள்.

கடையில் ஊலி மட்டும் இருந்தாள். நாற்பது வயசுக்காரி, நல்ல ஆகிருதி, கழுத்தில் அளவு நாடா, வாயில் இரண்டு குண்டூசி. மூலையில் வானொலி யாரோ ஒருவரின் மல்யுத்த வீரத்தைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தது.

"வாம்மா, வா. உள்ள வந்து உக்காரு, வெயில்ல நிக்காதே. பேரென்ன?"

"தெனிங்."

"தெனிங் சரி, என்ன குடும்பம்?"

பொய்ப் பெயர் ஒன்று யோசித்து வைத்திருந்தாள். அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. "ஃபாய்," என்றாள்.

ஊலி குண்டூசிகளை எடுத்துவிட்டுத் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டாள். "ஃபாயா! போச்சு, இன்னிக்கு வியாபாரம் விளங்கின மாதிரிதான். நான் ஜூஃப். நீங்கள்லாம் எங்க வீட்டு அடிமைங்க, தெரியும்ல? பசின்னு வந்தியா, துணின்னு வந்தியா? உண்மையைச் சொல்லு. ஃபாய்ங்க கால் சட்டி இருக்கிற பக்கம்தானே போகும்!"

"யாரு யாருக்கு அடிமை? எங்க வீட்டு அடிச்சட்டியைச் சுரண்டித்தான் ஜூஃப் வம்சமே வளர்ந்துச்சுன்னு எங்க அப்பா சொல்லுவார்."

"வாயைப் பாரு, வாயை! சோத்து மூட்டைக்கு எவ்வளவு வாய்!"

ஃபாயும் ஜூஃபும் எங்கே சந்தித்தாலும் இப்படித்தான். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வருகிற கேலிப் பாத்தியதை. யார் கோபித்துக்கொண்டாலும் அவர்கள் தோற்றதாகக் கணக்கு. அந்தச் சண்டையில் தெனிங்கின் பயம் எங்கேயோ பறந்துவிட்டது. கையைத் தூக்கு, திரும்பு, மூச்சை இழுக்காதே, ஃபாய் வயிறு ஒளித்தால் ஒளியுமா என்று ஊலி அளவெடுக்க, தெனிங் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். இவளை எனக்குப் பிடித்துவிட்டதே என்று சிரிப்புக்கு நடுவிலேயே அவளுக்குத் திக்கென்றது.

"சரி, துணியைக் காட்டு."

தெனிங் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஊலி மேசையில் விரித்தாள். விரித்த கை அப்படியே நின்றது.

"நல்ல துணி," என்றாள். "யாரு வாங்கிக் குடுத்தது?"

"நானேதான்... சந்தையில."

"ம்."

ஊலி எழுந்து போய் வானொலியை நிறுத்தினாள். அலமாரியைத் திறந்து மேல் தட்டிலிருந்து ஒரு துணியை எடுத்து வந்தாள். அதே நீலம், அதே வெளிர்பச்சை வளையம். இரண்டையும் மேசையில் போட்டு, ஒன்றின் வெட்டு விளிம்பை மற்றதன் வெட்டு விளிம்போடு ஒட்டி வைத்தாள். அங்கே அரைவட்டமாக நின்ற வளையமும் இங்கே அரைவட்டமாக நின்ற வளையமும் சேர்ந்து முழு வளையமாகிவிட்டன.

தெனிங்குக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒருத்திக்கு ஒரு முழம் என்றால் மற்றவளுக்கும் ஒரு முழம். மகா நியாயஸ்தர், கல்யாணத்துக்கு முன்பே நியாயத்தை ஆரம்பித்துவிட்டார்! சாட்சியைத் தானே மடித்துப் பையில் போட்டு, மூத்தாள் மேசையில் கொண்டுவந்து விரித்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. காது மடல் எரிந்தது.

"பதினாறு வருஷம்," என்றாள் ஊலி. குரல் உயரவில்லை. "பதினாறு வருஷத்துல அந்த மனுஷன் பண்டிகைக்கு முந்தின நாள்தான் எனக்குத் துணி வாங்கிட்டு வருவார். தைக்க நேரமிருக்காது, நானும் கத்துவேன். இந்தத் தடவை ரெண்டு மாசம் முன்னாடியே கொண்டாந்து நீட்டினார். அன்னிக்கே எங்கயோ இன்னொரு அஞ்சு மீட்டர் இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. அது தானே நடந்து என் கடைக்கு வரும்னுதான் நெனைக்கல."

"அக்கா..."

"அக்காவா? கூப்பிடு, கூப்பிடு. முறைப்படி சரிதான்."

"நான் போறேன் அக்கா. என்னை மன்னிச்சிடுங்க."

"உக்காரு! கை அளவு இன்னும் எடுக்கல." அதட்டிவிட்டு ஊலி எதிரே உட்கார்ந்தாள். "எதுக்கு வந்தே? என்னைப் பார்க்கவா?"

"ஆமா."

"பார்த்துட்டியா?"

"பார்த்தேன்."

"எப்படி இருக்கேன்?"

"நல்லா இருக்கீங்க அக்கா. அதுதான் கஷ்டமா இருக்கு."

ஊலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கையில் அகப்பட்ட துணியின் நுனியால் கண்ணைத் துடைத்தாள். உடனே, "ஐயோ, பசானை நனைச்சுத் தொலைச்சேனே, மினுக்கு போயிடுமே!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். துடைத்தது தெனிங்கின் துண்டு. கறை பட்டதா என்று பார்க்க அதைப் புரட்டியவள், புரட்டிய இடத்திலேயே நின்றாள். தையல்காரியின் கண் சும்மா இருக்குமா? ஒரு முனையைப் பார்த்தாள், மறு முனையை இழுத்துப் பார்த்தாள், பிறகு தன் துண்டை எடுத்துப் பார்த்தாள்.

"ஏய் ஃபாய், இங்க வா. இதைப் பாரு. என் துண்டோட இந்தக் கடைசியில ஆலை எழுத்து நெய்திருக்கு, தெரியுதா? முழுத் துணிக்கு ரெண்டு கடைசியிலயும் இது இருக்கும். என்னோடது தலை. ஒரு பக்கம் எழுத்து, ஒரு பக்கம் கத்திரி. உன்னோடதுல எழுத்து எங்கே?"

தெனிங் குனிந்து பார்த்தாள். இரண்டு பக்கமும் கத்திரி வெட்டு. எழுத்து இல்லை.

"நீ நடு," என்றாள் ஊலி.

"அப்போ வால்?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சக்களத்திச் சண்டை வர வேண்டிய இடத்தில் வேறு எதுவோ வந்தது. யாரிடம் இருக்கிறது அந்த வால்? ஊலி விரலை மடக்கினாள். மாமியார் இல்லை, அவர் இறந்து ஐந்து வருஷம். நாத்தனார் இல்லை, அவளுக்கு நீலமே ஆகாது. இந்தச் சாயம் போட்டவள் மிச்சத்தை வேறு யாருக்காவது விற்றிருக்கலாமோ என்றாள் தெனிங். அதுவும் நியாயம்தான் என்று ஊலி அப்போதே தனக்குப் பழக்கமான அந்தச் சாயக்காரியைத் தொலைபேசியில் பிடித்தாள். நலம் விசாரிப்பு நீண்டது, உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி, ஆடு எப்படி. கடைசியில் கேட்டாள். வைத்தபோது முகம் மாறியிருந்தது.

"பதினஞ்சு மீட்டரும் அவர்தான் எடுத்துட்டுப் போனாராம். மூணா வெட்டித் தரச் சொன்னாராம்."

பிறகு ஊலி தானாகவே சொல்ல ஆரம்பித்தாள்.

"நகராட்சியில கல்யாணத்தைப் பதியறப்போ கேப்பாங்க இல்லையா, பொண்டாட்டி ஒண்ணா, ரெண்டா, நாலான்னு? நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். நாலுன்னு கையெழுத்துப் போட்டார். வெளிய வந்து கேட்டேன். 'அட, எழுத்துலதானே நாலு, கதவு சும்மா திறந்து கிடக்கட்டும், நான் என்ன அது வழியா எங்கயாவது போகப் போறேனா?'ன்னார். எனக்கு அப்போ இருபத்தினாலு வயசு. சிரிச்சுட்டேன்."

"அதைக் குறைச்சு எழுத முடியாதா அக்கா?"

"குறைக்கலாம். கூட்டத்தான் முடியாது. ஏன் கேக்கறே?"

"ரெண்டோட நிறுத்தி எழுதுங்கன்னு நான் கேட்டா..."

ஊலி அவளை நன்றாகப் பார்த்தாள். "நீ உள்ள வந்ததும் கதவைச் சாத்தச் சொல்லப் போறியா? நல்லா இருக்குடி நியாயம்! ஒரு வாரம் முன்னாடி நான் சாத்தச் சொல்லியிருந்தா நீ எங்க நின்னிருப்பே?"

தெனிங்குக்கு வெட்கமாக இருந்தது. தான் வருவது நியாயம், தனக்குப் பின்னால் ஒருத்தி வருவது அநியாயம் என்று எத்தனை சுலபமாக மனசு தீர்ப்பு எழுதிவிட்டது!

"சரி விடு, உன்னைச் சொல்லிக் குத்தமில்ல. உன் இடத்துல நானா இருந்தாலும் அதைத்தான் கேப்பேன்," என்றாள் ஊலி. "போய் அந்த வாலைப் பத்திக் கேளு. நான் கேட்டா அது சண்டை. நீ கேட்டா வெறும் கேள்வி. இன்னும் ரெண்டு நாளைக்குத்தான் உனக்கு அந்த வசதி. துணி இங்கயே இருக்கட்டும். நீ சொல்லாம கத்திரி வைக்க மாட்டேன்."

மறுநாள் வேலை முடிந்ததும் தெனிங் நேராக லத்தீரின் கடைக்குப் போனாள். அவர் முகம் மலர்ந்தது. மூட்டையைத் தட்டி உட்காரச் சொன்னார். வாசனை மிளகு போட்ட தூபா காப்பி வரவழைத்தார். அவள் காப்பியைத் தொடவில்லை.

"அந்த நீலப் பசான்ல மூணாவது துண்டு யார்கிட்ட இருக்கு?"

லத்தீர் திகைத்தார். "மூணுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"உங்க வீட்டுக்காரம்மா. நான் அவங்க கடைக்குப் போனேன்."

அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, அழுதாளா?"

"ஒரு தடவை. வெள்ளிக்கிழமைக்கு மிச்சம் இல்லாம இப்பவே முடிச்சுட்டாங்க. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. யார்கிட்ட இருக்கு?"

"யார்கிட்டயும் இல்ல. இதோ, மேலதான் இருக்கு."

வேறு யாராவது என்றால் மழுப்பியிருப்பார்கள். இந்த மனுஷன் ஏணியைச் சாத்தி, ஆணிப் பெட்டிகளுக்கு மேலே இருந்த பரணிலிருந்து ஒரு பொட்டலத்தை இறக்கிக்கொண்டு வந்தார். செய்தித்தாளைப் பிரித்தால் அதே நீலம். ஒரு கடைசியில் ஆலை எழுத்து. தூசு படாமல் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தார்.

"யாருக்கு இது?"

"யாருக்கும் இல்லம்மா. சத்தியமா யாரும் இல்ல. முழுசா எடுத்தா விலை சல்லிசு. அதான் எடுத்தேன். இருக்கட்டுமே, என்னிக்காவது ஆகும்."

"என்ன ஆகும்?"

லத்தீர் யோசித்தார். அவருக்கே தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பொய் இல்லை. அங்கே மூன்றாவது பெண்ணும் இல்லை. ஒருத்தி இருந்திருந்தால் தெனிங்குக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும், ஒரு கத்துக் கத்திவிட்டுப் போயிருப்பாள்.

"அப்போ இதை ரெண்டா வெட்டுங்க. எனக்கு ரெண்டரை, அக்காவுக்கு ரெண்டரை. தலைக்குக் கட்டிக்கிறோம். நீங்கதான் சரிபாதிக்காரராச்சே."

அவர் சிரித்தார். கை மட்டும் துணி மேலிருந்து நகரவில்லை. "நல்ல துணியைப் போய் எதுக்கு வெட்டணும்? ரெண்டரை மீட்டரா ஆக்கிட்டா அப்புறம் அது எதுக்குமே உதவாது."

"எதுக்கு உதவணும்?"

"அட, அது பாட்டுக்கு மேல கிடக்கட்டும் தெனிங். அது யார் சோத்தைத் தின்னுது?"

"நகராட்சிப் பதிவுலயும் நாலுன்னு கிடக்குதாம். குறைச்சு எழுதலாமாம்."

"எழுதலாம். ஆனா எதுக்கு? நான் என்ன நாலு கட்டப் போறேனா?"

"இல்லைன்னா எழுதிடலாமே."

"இல்லைங்கறப்போ எதுக்கு எழுதணும்?"

லத்தீர் துணியைப் பழையபடி மடித்தார், செய்தித்தாளைச் சுற்றினார், ஏணியில் ஏறினார். பொட்டலத்தைப் பரணில் வைத்து, ஒரு கையால் தட்டி, சுவரோரமாகத் தள்ளி வைத்தார். காய்ச்சல்காரக் கிழவரைப் பெஞ்சில் படுக்கவைத்த அதே பக்குவம். அதைப் பார்த்துத்தான் அன்று இவரைப் பிடித்துப்போனது. இன்றைக்கு அதையே பார்த்து நெஞ்சு வலித்தது. கெட்டவர் இல்லை, நல்லவர்தான். அந்த நல்லவரின் பரணில் தனக்குப் பின்னால் ஒருத்திக்கு எப்போதும் ஐந்து மீட்டர் இடம் இருக்கும். அவளால் அதற்குக் கீழே குடித்தனம் பண்ண முடியாது. சாலையில் நடக்கும்போதே அழுதுவிட்டாள். எதிரே வந்த குதிரைவண்டிக்காரர் என்னவோ ஏதோவென்று வண்டியை நிறுத்திக் கேட்டார். ஒன்றுமில்லை என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை அப்பாவிடம் ஒரே வார்த்தையில் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். "ஆளுங்க வந்தா கோலாக்கொட்டையைத் தொடாம மரியாதையா அனுப்பிடறேன்," என்றார். அத்தைதான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"பாவி! கையில வந்த பாதியையும் விட்டுட்டியே!"

"பாதி இல்ல அத்தை. மூணுல ஒண்ணு. அதுவும் இப்போதைக்குத்தான்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"இருக்கலாம்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

தையல் கடையில் ஊலி வாசலிலேயே நின்றிருந்தாள். எத்தனை நேரமாக நிற்கிறாளோ. தெனிங் உள்ளே போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பரண், ஏணி, செய்தித்தாள், யார் சோற்றைத் தின்கிறது என்றது, எல்லாம். ஊலி முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அவர்தான்! அப்படியே அவர்தான்! பழைய ஆணியைக்கூடத் தூக்கிப் போட மாட்டார்!" சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

"சரி, நீ என்ன சொன்னே?"

"வேண்டாம்னு சொல்லிட்டேன் அக்கா. இன்னிக்கு எங்க அப்பா திருப்பி அனுப்பிடுவார்."

சந்தோஷப்படுவாள் என்று தெனிங் நினைத்திருந்தாள். ஊலி மேசை மேல் மடித்து வைத்திருந்த நீலத் துணியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"துணியைக் குடுங்க அக்கா. கல்யாணம் இல்லைன்னு ஆனப்புறம் அவர் குடுத்ததை வச்சுக்கறது முறையில்ல. போற வழியில கடையில குடுத்துட்டுப் போயிடறேன்."

"குடுத்தா அவர் என்ன பண்ணுவார்?"

"என்ன பண்ணுவார்? வாங்கி வச்சுக்குவார்."

"எங்க?"

தெனிங் வாயைத் திறந்தாள். பதில் வருவதற்குள் அவளுக்கே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஏணி, ஆணிப் பெட்டிகள், சுவரோரமாக ஒரு பொட்டலம், அதன் மேல் இன்னொரு பொட்டலம்.

"இப்போ அங்க ஒண்ணு இருக்கு," என்றாள் ஊலி. "சாயங்காலம் ரெண்டு ஆயிடும்."

தெனிங்குக்கு உறைத்தது. தான் தப்பித்த கதையைத்தானே இத்தனை நேரமும் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தோம். இவள் எங்கே தப்பிப்பாள்? அதே வீடு, அதே புருஷன், இன்று மாலை சமைக்கப் போவது அதே மீன் சோறு.

"நீ வந்திருந்தா ஒண்ணாவது தீர்ந்திருக்கும்," என்றாள் ஊலி, பாதி விளையாட்டாக. பிறகு விளையாட்டு போய்விட்டது. "உன்னைன்னா எனக்குத் தெரியும். ரெண்டு நாளா நெனைச்சுப் பார்த்தேன், சொல்ல வெக்கமா இருக்கு. ஃபாய்தானேன்னு திட்டிக்கிட்டே காலத்தை ஓட்டிடலாம்னு மனசைத் தேத்தி வச்சிருந்தேன். இனி வரப்போறவ யாரோ, எவளோ."

தெனிங் எழுந்தாள். மேசை ஓரத்தில் கிடந்த பெரிய கத்திரியை எடுத்து, பிடியை ஊலியின் பக்கம் திருப்பி நீட்டினாள்.

"அளவு எடுத்தீங்கல்ல?"

"எடுத்தேன்."

"அப்போ வெட்டுங்க."

"ஏய், கட்டிக்காத ஆம்பளை குடுத்த துணியை உடுத்திக்கிட்டுத் திரிஞ்சா ஊரு என்ன பேசும் தெரியுமா? உங்க அத்தை உன்னைத் தொலைச்சிடுவா."

"பேசட்டும். அத்தை எப்படியும் திட்டத்தான் போறா. இது அங்க திரும்பிப் போகக்கூடாது அக்கா. அந்தப் பரணுக்குப் போறதுல ஒண்ணை மட்டும்தான் என்னால எடுக்க முடியும். இதையாவது எடுத்துக்கறேன்."

ஊலி கத்திரியை வாங்கினாள். துணியை விரித்து, நீவி, சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டாள். கத்திரியை ஒரு வளையத்தின் நடுவில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். தெனிங் தலையாட்டினாள். கத்திரி மொடமொடவென்று ஓடியது. எந்த ஆண்பிள்ளையும் இனி அதை மடித்து யாருக்கும் கொடுக்க முடியாது.

"கழுத்து எப்படி வேணும்?"

"உங்களுதுக்கு எப்படித் தைக்கப் போறீங்க?"

"சதுரமா. தோள்ல கொஞ்சம் புடைப்பு வச்சு."

"எனக்கும் அதே மாதிரி வைங்க."

ஊலி மூக்கை உறிஞ்சினாள். குண்டூசிகளை வாயில் வைத்துக்கொண்டு அவற்றுக்கு நடுவிலேயே பேசினாள். "பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னாடி வந்து வாங்கிக்க, சோத்து மூட்டை. வயித்துக்கிட்ட கொஞ்சம் விட்டுத் தைக்கிறேன்."